பிரணவனின் சாப்பாட்டுப் பெட்டி

என் தம்பி சுபாஸ்கரன் மொன்ட்ரியால் நகரத்தின் நடுவே ஒரு ஜப்பான் சாப்பாட்டுக் கடையில் மீன் வெட்டுகிறான். சுசி செய்கிறவன் என்று சொன்னால்தான் ஆட்கள் மதிக்கிறார்கள். ஆனால் அவன் தன்னை மீன் வெட்டுகிறவன் என்றுதான் சொல்லுவான். இந்த ஊர் ஜப்பான் கடைகளின் பின்கதவால் போய்ப் பார்த்தீர்களானால் பாதிப் பேர் எங்கள் பெடியன்கள்தான். முன்னால் மேசையில் இருந்து சாப்பிடுகிற வெள்ளைக்காரருக்கு அது தெரியாது. தெரிந்தாலும் அவர்கள் கவலைப்படப்போவதில்லை.

அந்தக் கடையில் அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. முழு மீன் வந்து இறங்கினால் அதை வேறு ஒருவரும் கீறக் கூடாது. அவனே கீறுவான். கீறிக் குடலை அப்படியே வாளிக்குள் தள்ளவும் மாட்டான். விரலால் ஒதுக்கி, விளக்கைச் சாய்த்துப் பிடித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பான். அந்த மீன்கள் நோர்வேயிலிருந்தும் நியூபவுண்ட்லாந்திலிருந்தும் வருகிறவை. மட்டக்களப்புக் கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவற்றுக்குத் தெரியாது. அது அவனுக்கும் விளங்கும். விளங்கியும் பார்க்கிறான். கூட வேலை செய்கிற பெடியன்கள் முதலில் பகிடி பண்ணினார்கள். காரணம் தெரிந்த பிறகு, அவன் மீன் கீறுகிற நேரம் அந்தப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார்கள்.

நான் அவனுடைய மூத்த அக்கா, சிவமலர். மொன்ட்ரியால்-நோர் பகுதியில் ஒரே கட்டடத்தில் நான் கீழே, அவன் மேலே. பாண் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் விடியற்காலை வேலை எனக்கு. மத்தியானம் கழிய வீட்டுக்கு வந்துவிடுவேன். அவன் அந்த நேரத்தில்தான் வேலைக்கு வெளிக்கிடுவான். படிக்கட்டில் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டுவதோடு எங்கள் அக்கா தம்பி உறவு அன்றைக்கு முடிந்துவிடும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் பெயர். இங்கேயும் அந்தப் பெயர் எனக்கு முன்னால் வந்து இறங்கிவிட்டது. அதைப் பற்றி எனக்கு ஒன்றும் வெட்கமில்லை.

அவனுடைய மனைவி கௌசலா. நல்ல பிள்ளை, அதிகம் பேசமாட்டாள், அதனாலேயே எனக்கும் அவளுக்கும் ஒத்துப்போனது. அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் பிரணவன், இளையவள் வித்தியா. இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு மார்கழியில் கௌசலாவின் தகப்பனுக்கு உடம்பு வருத்தம் கடுமை என்று மட்டக்களப்பு நாவலடியிலிருந்து செய்தி வந்தது. பள்ளிக்கூட லீவு தொடங்கியதும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போக ஆயத்தப்படுத்தினாள். வெளிக்கிடுகிற கிழமை பார்த்துச் சின்னவளுக்குக் கொப்பளிப்பான் போட்டுவிட்டது. உடம்பெல்லாம் கொப்புளம் உள்ள பிள்ளையை விமானத்தில் ஏற்றமாட்டார்கள். வேப்பிலை கிடைக்காத ஊரில் அவளை என் வீட்டில் படுக்க வைத்துவிட்டு, தாயும் மகனும் போனார்கள். தம்பிக்கு நத்தார்க் காலத்து வேலை, அவன் போகவில்லை.

நத்தாருக்கு மறுநாள் கடல் வந்தது.

கௌசலாவின் உடம்பு வாவிப் பக்கம் கிடைத்தது. அவளுடைய ஆட்களே எரித்தார்கள். பிரணவன் கிடைக்கவில்லை. அவனுக்கு ஆறு வயது. தம்பி போய் முகாம் முகாமாக, ஆசுப்பத்திரி ஆசுப்பத்திரியாக அலைந்தான். சட்டைப்பையில் பிள்ளையின் படம். அதை நீட்டிக் கேட்காத ஆளில்லை. இங்கே வந்த பிறகும், அம்பாறைப் பக்கம் ஒரு மடத்தில் அந்தச் சாயலில் ஒரு பெடியன் இருக்கிறான் என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் திரும்பவும் போனான். அது வேறு யாரோ பெற்ற பிள்ளை. அந்தப் பிள்ளை இவனைக் கண்டதும் தன் தகப்பன்தான் வந்துவிட்டான் என்று ஓடிவந்து கட்டிப் பிடித்ததாம். அதைச் சொன்ன நாளில்தான் அவன் அழுததை நான் கண்டேன்.

கௌசலாவுக்கு ஒவ்வொரு வருடமும் திவசம் செய்கிறோம். மார்கழிப் பூரணைக்கு ஐயர் வீட்டுக்கு வருவார். நான் சமைப்பேன். அவளுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்து, பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீரும் வைத்து, அவள் வந்து சாப்பிடட்டும் என்று கொஞ்ச நேரம் விலகி நிற்போம். பிண்டத்தைக் கொண்டுபோய் எங்கள் தெருக் கோடியில் ஓடுகிற ஆற்றில் கரைப்போம். கரையோரம் உறைந்திருக்கும். தம்பி மண்வெட்டியால் பனிக்கட்டியை உடைத்துத் தருவான், நான் குனிந்து கரைப்பேன், வித்தியா என் பின்னால் கோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

பிரணவனுக்கு ஒன்றும் செய்யவில்லை. ஐயரிடம் நான் கேட்டேன். உடம்பு கிடைக்காவிட்டால் தர்ப்பையால் ஓர் உருவம் செய்து, அதை எரித்து, முறைப்படி எல்லாம் செய்யலாம் என்றார். வந்து தம்பியிடம் சொன்னேன். உடம்பில்லாமல் யாரை எரிக்கச் சொல்கிறாய் என்று கேட்டான். அதற்குப் பிறகு நெடுநாள் என்னோடு பேசவில்லை. படிக்கட்டில் தலையாட்டுவதும் நின்றது. அவன் வாயில் பிரணவன் என்றைக்கும் இருக்கிற பிள்ளைதான். பிரணவனுக்குக் கணக்குச் சரிவராது என்பான். அவன் நித்திரையில் கதைப்பான் என்பான். இப்போது நாலாம் வகுப்பு, பத்து வயதாகிறது என்று எண்ணிச் சொல்லுவான். கேட்டுக்கொண்டிருக்கிற எனக்கு, யாரோ கதவுக்கு அந்தப் பக்கம் நின்று உள்ளே வரலாமா என்று காத்துக்கொண்டிருக்கிற மாதிரியே இருக்கும்.

கடல் வந்த பிறகு எங்கள் ஆட்கள் பலர் மீனைத் தொடவில்லை. ஊரில் மட்டுமல்ல, இங்கேயும்தான். எந்த மீன் யாரைத் தின்றதோ என்ற அருவருப்பு. மெல்ல மெல்ல எல்லோரும் திரும்பச் சாப்பிடத் தொடங்கிவிட்டோம். தம்பி இன்னும் தொடவில்லை. நாள் முழுக்க மீனில் கைவைக்கிறவன், வீட்டுக்குள் ஒரு கருவாட்டுத் துண்டு வரவிடமாட்டான்.

இனி அந்தப் பெட்டியின் கதைக்கு வருகிறேன். ஜப்பான்காரர் மத்தியானச் சாப்பாட்டைப் பென்டோ என்று ஒரு பெட்டியில் அடைப்பார்கள். ஒரு பக்கம் சோறு, மற்றப் பக்கம் சின்னச் சின்னதாக நாலைந்து வகை. பெட்டியைக் குலுக்கினாலும் ஒன்று மற்றதோடு கலக்கக் கூடாது. திறந்தவுடன் நிறம் கண்ணில் பட வேண்டும். தம்பி கடையில் அதைப் பழகினான். பிரணவன் மத்தெர்நெல் என்கிற பாலர் வகுப்புக்குப் போகத் தொடங்கிய காலத்தில் கொடுத்துவிடுகிற சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவருவான். அப்போது தம்பி அவனுக்கு வீட்டில் பென்டோ செய்யத் தொடங்கினான். முட்டையை மெல்லிசாகச் சுட்டுச் சுருட்டிச் சுருட்டித் துண்டாக வெட்டுவான். சொசேஜின் ஒரு முனையைக் கீறிச் சுட்டால் அது கால்களை விரித்துக் கணவாய் மாதிரி எழுந்து நிற்கும். கரட்டைப் பூவாக வெட்டுவான். சோற்றை உருட்டிக் கரடித் தலை செய்து, கடற்பாசியில் கண் வைப்பான். சோற்றுக்குக் கண்ணும் மூக்கும் வைக்கிறதுக்காகவா கனடா வந்தனீ என்று நான் கேட்டிருக்கிறேன். பிள்ளை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டுவிட்டு வந்தான், அதனால் என் வாய் எடுபடவில்லை.

வித்தியா பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் அதே பெட்டியில் அவளுக்கும் செய்தான். அதே முட்டை, அதே கணவாய், அதே பூ, அதே கரடி. கரடியின் தலையைச் சரிசெய்ய ஒரு குறடு வைத்திருக்கிறான், நம்புவீர்களோ தெரியாது. பள்ளிக்கூடத்து ரீச்சர்மார் படம் பிடித்தார்கள். கோயிலில் காண்கிற பெண்கள் எல்லாம், தாயில்லாத பிள்ளையைத் தகப்பன் எப்படிப் பார்க்கிறான் பாருங்கள் என்று கண்ணைத் துடைத்தார்கள். எனக்கும் பெருமைதான். என் தம்பியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை கேட்டுக் கன காலம்.

ஆனால் இந்தப் பிள்ளை அந்தப் பிள்ளை அல்ல. இவளுக்கு என் கைப் புட்டும் மீன் குழம்பும் போதும். பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டு என்னிடம்தான் வருவாள். என் மேசையில் இருந்து முள்ளை ஒதுக்கி ஒதுக்கிப் பூனை மாதிரி மீன் தின்பாள். மேலே போகமுதல் வாயைக் கொப்பளித்துவிட்டுப் போ என்று அனுப்புவேன்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டுப் பனிக்காலத்தில் அவள் மெலியத் தொடங்கினாள். அந்த முறை பனி கொட்டித் தள்ளியது. எல்லாப் பிள்ளைகளும் தடித்த உடுப்புக்குள் உருண்டைகளாகத் திரிந்தார்கள், இவளுடைய கோட்டு மட்டும் கொழுக்கியில் தொங்குவது போல அவளில் தொங்கியது. பள்ளிக்கூடம் விட்டு வரவும் கொஞ்சம் சுணங்கும். வந்தவுடன் சப்பாத்தைக் கழற்றாமலே சட்டியைத்தான் பார்ப்பாள். ஒரு கோப்பை சோறு போதாது, இன்னும் போடச் சொல்லிக் கேட்பாள். வளர்கிற பிள்ளை என்று முதலில் நினைத்தேன். வளர்கிற பிள்ளைக்குக் கன்னம் ஏன் ஒட்ட வேண்டும்?

பங்குனி கடைசியில் பள்ளிக்கூடத்திலிருந்து தொலைபேசி வந்தது. மத்தியானம் பிள்ளைகளைப் பார்க்கிற பெண் பேசினாள். என்னுடைய பிரெஞ்சு பாண் தட்டுக்கு மட்டும் போதுமான பிரெஞ்சு. மெதுவாகச் சொல்லச் சொல்லிக் கேட்டதில் விளங்கியது இவ்வளவுதான்: வித்தியா மத்தியானச் சாப்பாடு கொண்டுவருவதில்லை. தனக்குச் சாப்பாடு இல்லை என்றுதான் ஒவ்வொரு நாளும் சொல்கிறாள். இவ்வளவு நாளும் அவர்கள் பிஸ்கட்டும் சீஸும் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் ஏதும் கஷ்டமா என்று கேட்டாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நீங்களெல்லாம் படம் பிடித்த பெட்டி எங்கே போகிறது என்று கத்த வாய் வந்தது. பிரெஞ்சில் கத்தத் தெரியாத காரணத்தால் மெர்சி என்று நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்தேன். பெட்டி ஒவ்வொரு நாளும் பையில்தான் போகிறது, வெறுமையாகக் கழுவித்தான் வருகிறது. யாரும் பிள்ளைகள் பறித்துத் தின்கிறார்களோ என்று நினைத்தேன். தம்பியிடம் மூச்சு விடவில்லை. அவனுடைய உயிர் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் தெருவின் எதிர்ப்பக்கம் நின்றேன். வித்தியா தனியாக வந்தாள். வீட்டுப் பக்கம் திரும்பாமல் ஆற்றுப் பக்கம் திரும்பினாள். நான் பின்னால் போனேன். தெருக் கோடியில் ஒரு சின்னப் பூங்கா. அதிலிருந்து படிகள் ஆற்றுக்கு இறங்குகின்றன. பனி இளகித் திரும்ப இறுகின படிகள், கரணம் தப்பினால் நேரே தண்ணீர்தான். ஆறு அப்போதுதான் உடைகிற நேரம். பெரிய பெரிய பாளங்கள் ஒன்றோடொன்று உரசி முனகிக்கொண்டு போயின. அந்தச் சத்தத்துக்கு நடுவே அவள் ஒவ்வொரு படியாகப் பிடித்துப் பிடித்து இறங்கினாள், நாளாந்தம் இறங்கிப் பழகினவள் மாதிரி.

கூப்பிட்டால் திடுக்கிட்டு வழுக்கிவிடுவாள் என்று நான் சத்தம் போடவில்லை. கரையில் பனிக்கட்டி பிளந்திருந்த இடத்தில் குந்தினாள். பெட்டியைத் திறந்தாள். கொட்டவில்லை. முட்டைத் துண்டை எடுத்து மெல்லத் தண்ணீரில் விட்டாள். கரட்டுப் பூவை விட்டாள். சொசேஜை விட்டாள். பிறகு சோற்றுக் கரடியைக் கையில் எடுத்து, தண்ணீருக்குள் கையைத் தாழ்த்தி, விரல்களால் பிசைந்து பிசைந்து கரைத்தாள்.

அது என் கை. பிண்டம் கரைக்கிற என் கையை அப்படியே அந்தப் பிள்ளை செய்துகொண்டிருந்தாள்.

எப்படி அந்தப் படிகளால் இறங்கினேன் என்று தெரியாது. பக்கத்தில் போய் அவளுடைய கோட்டைப் பிடித்துக்கொண்டுதான் வாயைத் திறந்தேன்.

"என்ன புள்ள செய்யிறாய்?"

அவள் திடுக்கிடவில்லை. "அண்ணாட சாப்பாடு மாமி. அண்ணாவுக்குக் குடுக்கிறன்."

அது அப்பா உனக்குச் செய்து தருகிற சாப்பாடல்லவா என்றேன். இல்லை என்று தலையாட்டி, பெட்டியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைக் காட்டினாள். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற எதிலும் பெயர் எழுத வேண்டும். அதில் பிரணவன் என்று ஆங்கில எழுத்தில் இருந்தது, தம்பியின் கையெழுத்து. எத்தனை தரம் கழுவியும் அழியவில்லை.

பிறகு பாதி தமிழும் பாதி பிரெஞ்சுமாக எல்லாம் சொன்னாள். அம்மாவின் திவசத்துக்குச் சமைக்கும்போது ஒன்றும் வாயில் வைக்கக் கூடாது, படைத்த பிறகுதான் சாப்பிடலாம் என்று நான்தானே சொன்னேன். பாயசக் கரண்டியை நக்கியதற்கு நான்தானே கிள்ளினேன். அப்பா பெட்டிக்குச் சமைக்கும்போது ஒருநாளும் ஒன்றையும் வாயில் வைப்பதில்லை. பெட்டியை யன்னலடியில் திறந்து வைப்பார். பக்கத்தில் தண்ணீர் வைப்பார். கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார். பிறகுதான் மூடித் தருவார். அப்படியென்றால் அது அண்ணாவுக்குத்தானே. சின்னப் பிள்ளையாக இருந்தபோது தெரியாமல் சாப்பிட்டுவிட்டாள். தெரிந்த பிறகு எப்படிச் சாப்பிடுவது? அண்ணா தண்ணீரில் இருக்கிறபடியால் தண்ணீரில் கொடுக்கிறாள். தனக்கென்று யாரும் சாப்பாடு தரவில்லை, அதனால் பள்ளிக்கூடத்தில் இல்லை என்று சொன்னாள். அதில் பொய் ஒன்றும் இல்லை என்பது அவள் நினைப்பு. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். பெரியவர்களுக்கு இது தெரியும் என்று நினைத்தாளாம்.

அவளைத் தூக்கிக்கொண்டே படியேறினேன். தூக்க முடிந்தது. அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

பிள்ளை சொன்னதை நான் முழுக்க நம்பவில்லை. கைப்பழக்கம் உள்ள சமையற்காரனுக்கு நாக்கில் வைத்துப் பார்க்கத் தேவையில்லை. பெட்டியைத் திறந்து வைப்பதற்கும் காரணம் இருக்கிறது, சுடுசோற்றை மூடினால் வேர்த்துப் பழுதாகிவிடும் என்று தம்பியே சொல்லியிருக்கிறான். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். தண்ணீருக்கு மட்டும் என்னிடம் காரணமில்லை.

மறுநாள் வேலைக்கு வருத்தம் என்று சொல்லிவிட்டுக் காலையில் மேலே போனேன். என்னைக் கண்டதும் அவனுக்கு ஆச்சரியம். தேத்தண்ணி போட்டுத் தந்துவிட்டுத் தன் வேலையைத் தொடங்கினான். நான் கதிரையில் இருந்து பார்த்தேன். வித்தியா இன்னும் எழும்பவில்லை.

முட்டையை உடைத்து அடித்தான். சதுரத் தாச்சியில் ஊற்றி, நீண்ட குச்சிகளால் சுருட்டினான். அவனுடைய கடைக்கு ஒருமுறை போயிருக்கிறேன். அங்கே அவன் ஒரு சின்னக் கரண்டியை இடுப்பில் செருகி வைத்திருப்பான். சோற்றுக்கு ஊற்றுகிற வினாகிரி, சோஸ், சூப் எல்லாவற்றையும் ஓயாமல் வாயில் வைத்துப் பார்ப்பான். இங்கே விரலில் ஒட்டின பருக்கையைக்கூடக் குழாயைத் திறந்து கழுவினான். எங்கள் ஆட்களில் எவரும் அதைச் செய்யமாட்டார்கள், வாயில்தான் போடுவார்கள். ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் அடுக்கினான். கரடிக்குக் கண் வைத்தான். பெட்டியை யன்னலடியில் வைத்து மூடியைத் தள்ளி வைத்தான். பிறகு அவனுடைய கை தானாகத் தட்டுக்குப் போய் ஒரு தம்ளரை எடுத்தது. நிரப்பிப் பெட்டிக்கு வலப்பக்கம் வைத்தது. அவன் ஓர் அடி பின்னால் வந்து, கைகளைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

யன்னலுக்கு வெளியே கூரையிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது. கரடி எங்களைப் பார்க்கவில்லை, யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தச் சமையலறையில் நாங்கள் இரண்டு பேர்தான். ஆனால் மூன்றாவது ஆள் ஒருவர் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்து நின்றோம். நானும்தான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, இந்தத் தண்ணி ஆருக்கு?"

அவன் தம்ளரைப் பார்த்தான். அதை வேறு யாரோ வந்து வைத்துவிட்டுப் போன மாதிரிப் பார்த்தான். வித்தியாவுக்கு என்றான். அவளுடைய தண்ணீர்ப் போத்தல் நிரப்பி மேசையில் இருந்தது. இல்லை, எனக்குத்தான் என்றான். ஆனால் எடுத்துக் குடிக்கவில்லை.

முட்டையை ருசி பார்த்தாயா என்று கேட்டேன். கைக்கு அளவு தெரியும், தேவையில்லை என்றான். கடையிலும் அப்படித்தானா என்று கேட்டேன். அங்கே பார்க்காமல் கொடுக்க முடியாது என்று தொடங்கினவன், பாதியில் நிறுத்திவிட்டான். அவனுடைய முகம் மாறுவதை நான் கண்டேன். இருட்டில் நடக்கிற ஆள் திடீரென்று சுவரில் கைவைத்தது போல.

பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று படியேறும்போது நினைத்திருந்தேன். எனக்குப் பக்குவமாகச் சொல்லி எங்கே பழக்கம்? உன் மகள் இந்தப் பெட்டியிலிருந்து ஒரு வாய் சாப்பிட்டுக் கன நாளாகிறது என்றேன். பள்ளிக்கூடத்தில் பிஸ்கட் தின்கிறாள் என்றேன். ஆற்றைச் சொன்னேன். படிகளைச் சொன்னேன். உடைகிற பனியின் விளிம்பில் குந்திக்கொண்டு, பிண்டம் கரைக்கிற மாதிரி அவள் சோறு கரைத்ததைச் சொன்னேன்.

முதலில் அவனுக்குக் கோபம்தான் வந்தது. என்னை அப்படி அவன் முறைத்ததேயில்லை. "அவன் செத்துப்போயிட்டான் எண்டு நீதான் புள்ளைக்குச் சொல்லிக் குடுத்திருக்காய்."

"நான் சொல்லல்ல தம்பி. உன்ட வாய் அவன் இருக்கான் எண்டு சொல்லுது. உன்ட கை ஒவ்வொரு நாளும் அவனுக்குப் படைக்குது. புள்ள கையைத்தான் பாத்திருக்கு."

அவன் தன் கைகளைப் பார்த்தான். அந்தக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஏப்ரனுக்குள் விட்டான், வெளியே எடுத்தான்.

அந்த நேரம் வித்தியா நித்திரைக் கண்ணோடு வந்து கதவடியில் நின்றாள். எங்கள் இரண்டு பேரையும் அவள் பார்க்கவில்லை. யன்னலடியில் இருக்கிற பெட்டியைத்தான் பார்த்தாள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறதா என்று கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"அப்பா, அண்ணா சாப்பிட்டு முடிச்சிட்டாரா?"

தம்பி திரும்பினான். தன் மகளை அவன் முழுக்கப் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். இரவுச் சட்டையின் கைக்குள் குச்சி மாதிரி இருந்த கை. கழுத்தடியில் துருத்தின எலும்பு. பசியைக் காட்டாமல் நிற்கப் பழகிவிட்ட முகம். அவன் பார்த்துக்கொண்டே நின்றான். எனக்குப் பயம் வந்தது. இவன் இப்போது அந்தப் பெட்டியை எடுத்துச் சுவரில் அடித்தாலும் அடிப்பான், மூடி அவள் கையில் கொடுத்து வழக்கம்போல அனுப்பினாலும் அனுப்புவான். இரண்டில் எது நடந்தாலும் இந்தப் பிள்ளையையும் நாங்கள் இழந்துவிடுவோம் என்று நினைத்தேன்.

அவன் இரண்டும் செய்யவில்லை. யன்னலடிக்குப் போனான். பெட்டிக்குள் குச்சியை விடாமல் வெறுங்கையை விட்டு ஒரு முட்டைத் துண்டை எடுத்தான். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அதில் பாதியைக் கடித்தான்.

படையலில் வாய் வைத்துவிட்டால் அது படையல் இல்லை. எங்கள் வீடுகளில் பேச்சு வராத பிள்ளைக்கும் அது தெரியும். வித்தியா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பி மென்றான். விழுங்க முடியாமல் நெடுநேரம் மென்றான்.

"உப்பில்ல" என்றான்.

"ஒருநாளும் இருக்கிறல்ல அப்பா" என்றாள் வித்தியா. "ஜப்பான் சாப்பாடு அப்பிடித்தான் எண்டு நான் நினைச்சன்."

அவன் சிரிக்கப்போகிறான் என்றுதான் நினைத்தேன், அப்படித்தான் சத்தம் தொடங்கியது. அது சிரிப்பாக முடியவில்லை. நிலத்தில் குந்தி, அந்தப் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, தான் கடித்த மீதியை அவளுடைய வாயில் வைத்தான். அவள் என்னைப் பார்த்தாள். சாப்பிடு என்று தலையாட்டினேன். சாப்பிட்டாள். நான் உப்புப் போத்தலை எடுத்து இறக்கிக் கொடுத்தேன். அவன் ஒவ்வொன்றிலும் தூவித் தூவி, தான் ஒரு கடி கடித்துப் பார்த்து, மீதியை அவளுக்கு ஊட்டினான். கரடியையும் பிய்த்து ஊட்டினான். அவள் விரல் நுனியைக்கூட விடாமல் நக்கினாள். அன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்று நானே முடிவு செய்தேன்.

பெட்டி வெறுமையான பிறகும் அவன் எழும்பவில்லை. வித்தியா அவன் தோளில் சாய்ந்திருந்தாள். அவன் அவளுடைய தலைக்கு மேலால் என்னைப் பார்த்தான்.

"அக்கா, ஐயர் தர்ப்பையில செய்யலாம் எண்டு சொன்னாரெல்லா. எவ்வளவு உயரத்துக்குச் செய்வாங்க? ஆறு வயசுப் புள்ளைக்கா, பத்து வயசுப் புள்ளைக்கா?"

அவன் என் பதிலுக்காகக் காத்திருந்தான்.

"ஆறுதான் தம்பி" என்றேன்.

அவன் பிள்ளையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு எழும்பினான். மற்றக் கையை நிலத்திலிருந்து தன் நெஞ்சளவுக்குப் பிடித்து, அங்கே யாரோ நிற்பது போலப் பார்த்தான். பிறகு அந்தக் கையை மெல்ல மெல்ல இடுப்பு மட்டத்துக்கு இறக்கினான்.